பத்தாயிரம் சுற்றுக்குப் பிறகு

தென்காசியில் வீடு வைத்திருப்பவனுக்கு ஜூன் பிறந்ததும் சொந்தக்காரர்கள் பெருகிவிடுவார்கள். பதினோரு மாதம் இருக்கிறானா போனானா என்று கேட்காதவர்கள், சாரல் விழுந்த முதல் வாரத்திலேயே போனைப் போட்டு, "அருவில தண்ணி விழுதா?" என்பார்கள். ஆமாம் என்றால் சனிக்கிழமை காலையில் வாசலில் வேன் நிற்கும். இல்லை என்று பொய் சொல்லியும் பார்த்திருக்கிறேன். டிவிக்காரர்கள் ஐந்தருவியைக் காட்டி என்னைக் காட்டிக்கொடுத்து விடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் கூடுதலாக ஒரு வசதி உண்டு. என் மனைவி காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். வாசுதேவநல்லூர்ப் பக்கம், வீட்டுக்கு ஒருவர் காக்கி போட்ட குடும்பம். சீசன் முழுக்க அவளுக்கு மெயின் அருவியில் பந்தோபஸ்து. ஆக எங்கள் வீட்டுக்கு வந்தால் படுக்க இடம், வயிற்றுக்குச் சோறு, கூட்டத்தில் முண்டாமல் அருவியில் நிற்க ஓர் ஆள் என்று மூன்றும் கிடைக்கும். அவள் அங்கே விசிலோடு நிற்பாள். நான் இங்கே இட்லி ஊற்றுவேன்.

அந்த ஜூனிலும் இட்லிதான் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆனால் அது என் ஆராய்ச்சிப் படிப்பின் எட்டாம் வருடம். பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு ஆகஸ்டோடு முடிகிறது. நான் இயற்பியல் பாடம் நடத்துகிற தனியார் கல்லூரியில், அடுத்த கல்வியாண்டுக்குள் டாக்டர் பட்டம் வாங்காதவர்களுக்கு நிரந்தர இடம் கிடையாது என்று சுற்றறிக்கை வந்திருந்தது. எனக்கு நாற்பத்தொரு வயது. ஆய்வேட்டில் ஐந்து அத்தியாயங்களும் எழுதி முடித்தாயிற்று. நான்காம் அத்தியாயத்துக்கு ஒரு நல்ல படம் மட்டும் பாக்கி.

என் ஆய்வு எதைப் பற்றியது என்று உறவினர்கள் கேட்டால் ஊஞ்சலைப் பற்றியது என்பேன். சிரிப்பார்கள். பொய்யில்லை. ஓர் ஊஞ்சலைத் தாளம் தப்பாமல் ஒருவர் தள்ளிக்கொண்டே இருக்கிறார். தள்ளுகிற வலுவில் ஒரு பகுதியைக் காற்றும் கொக்கியின் உராய்வும் தின்றுவிடுகின்றன. மெதுவாகத் தள்ளினால் ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரே மாதிரி ஆடும். வலுவைக் கொஞ்சம் கூட்டினால் ஒரு தடவை பெரிதும் ஒரு தடவை சிறிதுமாக, இரண்டு தள்ளலுக்கு ஒருமுறை பழைய இடத்துக்கு வரும். இன்னும் கூட்டினால் நான்குக்கு ஒருமுறை, பிறகு எட்டு, பதினாறு. ஒவ்வொரு இரட்டிப்புக்கும் கூட்டவேண்டிய அளவு குறைந்துகொண்டே போகும். முந்தைய இடைவெளியை அடுத்த இடைவெளியால் வகுத்துக்கொண்டே போனால் நாலு புள்ளி ஆறு ஆறு ஒன்பது என்ற எண்ணை நெருங்கும். ஊஞ்சலோ, மின்சுற்றோ, சொட்டும் குழாயோ, இந்த வழியில் போகிறவை எல்லாம் அதே எண்ணுக்குத்தான் வருகின்றன. முதன்முதலில் என் கணினியில் அந்த எண் வந்த அன்று வீதியில் இறங்கி நடந்தேன். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

இரட்டிப்பெல்லாம் முடிந்த பிறகு வருவது கேயாஸ். ஊஞ்சல் பழைய இடத்துக்குத் திரும்பவே திரும்பாது. ஒரு வரம்புக்குள்தான் ஆடும், ஆனால் ஆடிய ஆட்டத்தை மறுபடி ஆடாது. எனக்கு இந்த இடத்தில்தான் மனசு ஒட்டிக்கொண்டது. ஏனென்றால் உராய்வுள்ள அமைப்புகளின் பொதுக்குணம் வேறு. எங்கே தொடங்கினாலும், எவ்வளவு துள்ளினாலும், தொடக்கத்தை மறந்துவிட்டு ஒரே தடத்தில் வந்து விழும். நான் கடையத்தில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னையில் இரண்டு வருடம் சுற்றிவிட்டு, கடைசியில் வீட்டுக்கும் கல்லூரிக்கும் நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர் தடத்தில் வந்து விழுந்தவன். காலை எட்டரைக்கு அதே பஸ், அதே ஜன்னல், அச்சன்புதூர் ரோட்டில் அதே வயல். அந்தத் தடத்தில் எனக்கு மூச்சு முட்டும். திரையில் ஒரு புள்ளியாவது திரும்பி வராமல் ஓடுகிறதே என்று பார்த்துக்கொண்டிருப்பது ஆறுதலாக இருந்தது.

நான்காம் அத்தியாயம் சொன்னது இதுதான்: தள்ளும் வலுவில் ஒரு குறிப்பிட்ட எல்லைக்கு அப்பாலும், ஒரு நீண்ட பட்டை முழுக்க, கேயாஸ் நிலையாக இருக்கிறது. இதைத் தனிக் கட்டுரையாகவும் எழுதி ஓர் ஆய்விதழில் வெளியிட்டிருந்தோம். என் பெயரும் என் கைடின் பெயரும் அதில் இருந்தன. ஆய்வேட்டுக்கு அதுவே முதுகெலும்பு.

கைடின் ஆய்வகத்தில் ஒரு பழக்கம் இருந்தது. கணினியில் ஒரு தள்ளல் ஒரு சுற்று, திரையில் ஒரு புள்ளி. எந்த ஓட்டத்திலும் முதல் பத்தாயிரம் சுற்றைத் தூக்கிப் போட வேண்டும். தொடக்கத்தின் சலனம் அதற்குள் அடங்கிவிடும் என்பது கணக்கு. அடுத்த இரண்டாயிரத்தை எடுத்துப் படம் போட வேண்டும். "பத்தாயிரத்த விட்டுரும்வே, பெறவு வாறதுதான் நிசம்" என்பார். அவருக்கு அவருடைய கைடு அப்படிச் சொல்லியிருக்கிறார். ஏன் பத்தாயிரம் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. எட்டு வருடத்தில் நூற்றுக்கணக்கான ஓட்டங்கள் ஓட்டியிருக்கிறேன். பன்னிரண்டாயிரத்தைத் தாண்டி ஒன்றைக்கூட ஓட விட்டதில்லை.

அந்த வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஆய்வேட்டில் அச்சாகும்போது படம் புள்ளிகள் நிறைந்து செழிப்பாகத் தெரிய வேண்டும் என்று, சுற்று எண்ணிக்கையின் வரம்பை எடுத்துவிட்டேன். நிறுத்தச் சொல்லும்வரை ஓடு என்று நிரலுக்குச் சொல்லியாயிற்று. என் பழைய டெஸ்க்டாப்புக்குப் பத்தாயிரம் சுற்று ஓட அரை மணி நேரம் ஆகும். மத்தியானம் வந்து நிறுத்திக்கொள்ளலாம் என்று மானிட்டரை அணைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன்.

பத்து மணிக்கு ஆட்டோ வந்தது. மதுரையிலிருந்து சித்தி, சித்தப்பா, அவர்கள் மகள், அவளுடைய புது மாப்பிள்ளை. கல்யாணமாகிப் பதினெட்டு நாள். சொல்லாமல் வந்துவிட்டார்கள், இன்ப அதிர்ச்சியாம். உள்ளே நுழைந்ததும் சித்தி ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு பாத்ரூம் வச்ச ரூம்தான் வசதியா இருக்கும்லா?" என்றாள். எங்கள் வீட்டில் குளியலறையோடு சேர்ந்த அறை ஒன்றே ஒன்று. அதில்தான் என் கணினி இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பெட்டிகள் உள்ளே போய்விட்டன. கதவு சாத்தப்பட்டது.

புது மாப்பிள்ளை தங்கியிருக்கும் அறைக் கதவை எதற்காகத் தட்டுவது? கம்ப்யூட்டரை நிறுத்த வேண்டும் என்றா? அவர்கள் வெளியே வரும் நேரம் பார்த்து நுழையலாம் என்றால், வெளியே வரும்போதெல்லாம் நானும் கூடவே கிளம்ப வேண்டியிருந்தது. காரை ஓட்டுவது நான்தான். அருவிக்குப் போனால் தங்கச்சி பூட்டிவிட்டுச் சாவியை முந்தானையில் முடிந்துகொள்வாள், நகை இருக்கிறதே. ஐந்து நாள். என் சொந்த வீட்டில், என் சொந்த அறைக்கு வெளியே, தோசைக்கரண்டியும் கையுமாக அலைந்தேன். நீட்டிப்பில் ஐந்து நாள் கரைகிறது என்று யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது மாப்பிள்ளை, "மச்சான், ரூம்ல எங்கயோ உம்முன்னு ஒரு சத்தம் வருது" என்றார்.

"அது இன்வெர்ட்டர் சத்தம் மாப்ள" என்றேன்.

உண்மையில் இன்வெர்ட்டரும் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. சீசன் காற்றுக்கு நாளைக்கு நாலு தடவை கரண்ட் போனது. கணினி அணையவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர்கள் மங்குஸ்தான் பழக் கூடையோடு கிளம்பிய பிறகு ஓடிப்போய் மானிட்டரைப் போட்டேன். படம் நன்றாகத்தான் வந்திருந்தது. எட்டு வருடமாக நான் கனவு கண்ட செழிப்பு. ஆனால் அந்தப் புள்ளிக்கூட்டத்துக்கு வெளியே, ஓர் ஓரத்தில், தனியாக ஒரு புள்ளி இருந்தது. திரையில் ஏதோ தூசி என்று விரலால் துடைத்தேன். போகவில்லை. நிரல் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் புதிதாகப் புள்ளி எதுவும் விழுவதாகத் தெரியவில்லை. கோப்பைத் திறந்து எண்களைப் பார்த்தேன். கடைசி வரியில் ஓர் எண். அதற்கு முந்தைய வரியிலும் அதே எண். பக்கம் பக்கமாக மேலே தள்ளிக்கொண்டே போனேன். பதினைந்து தசம இடம் வரை அதே எண், லட்சக்கணக்கான வரிகள்.

கேயாஸ் செத்துப் போயிருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி சுமாருக்கு, பதினோரு லட்சத்து நாற்பதாயிரத்தைத் தாண்டிய ஒரு சுற்றில், ஊஞ்சல் தன் ஆட்டத்தை விட்டுவிட்டு ஒரு சாதாரணத் தடத்தில் விழுந்திருக்கிறது. ஒரு தள்ளலுக்கு ஓர் ஆட்டம். அதற்குப் பிறகு எழவே இல்லை. நாங்கள் மெயின் அருவியில் மாப்பிள்ளையைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது.

வேறு தொடக்கங்கள் கொடுத்து, கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் நாலைந்து இயந்திரங்களில் ஓட்டிப் பார்த்தேன். ஒன்று மூன்று லட்சத்தில் விழுந்தது, ஒன்று ஒன்பது லட்சத்தில். எல்லாம் விழுந்தன. நாங்கள் நிலையான கேயாஸ் என்று அச்சிட்டது நிலையானதே அல்ல. அடங்க நெடுநாள் எடுத்துக்கொள்ளும் தொடக்கச் சலனம். பத்தாயிரத்தில் அடங்கிவிடும் என்று நாங்களாக நினைத்துக்கொண்டதால், அடங்காததையெல்லாம் நிசம் என்று எழுதிவிட்டோம். எங்கள் துறையில் தெரியாத விஷயம் இல்லை இது. பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. பாடம் நடத்தும்போது நானே கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அதனால்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது.

கடைசி ஓட்டமும் விழுந்த அன்று மனைவி டியூட்டி முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றினாள். நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று அவள் பாதம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அவளிடம்தான் முதலில் சொன்னேன். இயற்பியல் தெரியாதவள், ஆனால் கேள்வி கேட்கத் தெரிந்தவள்.

"எவ்வளவு நேரம் கழிச்சு அடங்குச்சு?"

"ரெண்டு நாள் ஒம்பது மணி நேரம்."

"நீங்க வழக்கமா எவ்வளவு நேரம் பாக்குதீங்க?"

"அரை மணி. மிஞ்சினா கொஞ்சம் கூட."

பூட்ஸை வாசல் திண்டு மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்ப அரை மணி நேரம் அருவியில நின்னுட்டு, இந்தக் கூட்டம் கலையவே கலையாதுன்னு ரிப்போர்ட் எழுதிட்டு வந்திருக்கீங்க" என்றாள்.

மறுநாள் கைடுக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டார்.

"நீரு எதுக்குவே அஞ்சு நாள் ஓட விட்டீரு?" என்றார்.

"ரூம்ல விருந்தாளிங்க சார்."

"யாராவது அஞ்சு நாள் ஓட்டுவானா? இத இப்ப எடுத்தா நாலாம் அத்தியாயம் போச்சு. பேப்பர் போச்சு. திரும்ப எழுத ஒரு வருசம். உம்ம நீட்டிப்பு என்னைக்கு முடியுது?"

"ஆகஸ்ட் சார்."

"பெறவு என்னவே பேசுதீரு? பத்தாயிரம் சுற்று வரைக்கும் நாம சொன்னது சரிதான? அத அப்படியே கட்டிச் சமர்ப்பியும்."

கட்டினேன். ஆனால் மனசு கேட்காமல் நான்காம் அத்தியாயத்தில் ஓர் அடிக்குறிப்பு சேர்த்தேன்: மிக நீண்ட ஓட்டங்களில் இந்நிலை அடங்கிவிடக்கூடும். பிரதியைக் கைடுக்கு அனுப்பினேன். சிவப்பு மையில் அந்த ஒரு வரி மட்டும் அடிபட்டு வந்தது. மறுபடி சேர்க்கும் தைரியம் எனக்கு இல்லை. ஆகஸ்ட் கடைசி வாரம், அடிக்குறிப்பு இல்லாத நான்கு பிரதிகளைத் தூக்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனேன். பஸ்ஸில் அந்தப் பிரதிகள் மடியில் கனத்தன. ரசீதை வாங்கி நான் மறுபடி மறுபடி படித்ததைக் குமாஸ்தா சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

வாய்மொழித் தேர்வு அடுத்த ஜூலையில் வைத்தார்கள். ஏன் ஜூலை என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர்கள் இந்தப் பக்கத்துத் தேர்வு என்றால் சீசனைக் கேட்டுத்தான் தேதி கொடுப்பார்கள். எனக்கு வந்தவர் ரயிலிலிருந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "தண்ணீர் விழுகிறதா?"

இரண்டு இரவு தூங்காமல் ஒரே ஒரு கேள்விக்குத் தயாரித்து வைத்திருந்தேன். எத்தனை சுற்று ஓட்டினீர்கள்? இதைக் கேட்டுவிட்டால் பொய் சொல்ல முடியாது. சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். கேட்டுவிடக்கூடாதே என்று பயந்தேன், கேட்டுவிட்டால் தேவலை என்றும் ஏங்கினேன். தேர்வாளர் மூன்று கேள்வி கேட்டார். வரைபடங்களின் எழுத்து ஏன் இவ்வளவு சிறியது என்பது ஒன்று. நாலு புள்ளி ஆறு ஆறு ஒன்பது எத்தனை தசம இடம் சரியாக வந்தது என்பது ஒன்று. மூன்றாவது, இங்கிருந்து குற்றாலம் எவ்வளவு தூரம்.

சாயங்காலம் மெயின் அருவிக்கு அழைத்துப் போனேன். மனைவி சீருடையில் கூட்டத்தை விலக்கி, தேர்வாளரையும் கைடையும் அருவியின் கீழே நிறுத்தினாள். இருவரும் தலையைக் கொடுத்துக்கொண்டு கால்மணி நேரம் நின்றார்கள். தேர்வாளர் துண்டைப் பிழிந்தபடியே வெளியே வந்து என் கையைப் பிடித்து, "வாழ்த்துகள் டாக்டர்!" என்று உரக்கக் கத்தினார். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு விசிலை ஊதிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பிவிட்டாள்.

வேலை நிரந்தரமாயிற்று. சித்தப்பா மதுரையிலிருந்து பித்தளைப் பலகை செய்து அனுப்பினார். முனைவர் என்று என் பெயருக்கு முன்னால் பெரிதாக வெட்டியிருந்தது. வேண்டாம் என்று பரணில் போட்டேன். அடுத்த சீசனுக்கு வந்து அவரே எடுத்து, ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போனார். தினமும் எட்டே காலுக்கு அதைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போகிறேன். முன்பாவது என் தடத்தில் அலுப்பு மட்டும் இருந்தது. இப்போது அதோடு பொய்யும் சேர்ந்துகொண்டது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் "டாக்டர் சார்" என்றால் காது சூடாகும்.

யாருக்கும் சொல்லாமல் ஒன்று மட்டும் செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு சீசனுக்கும், விருந்தாளிகளுக்கு அறையைக் கொடுப்பதற்கு முன்னால், கணினியை ஓட விட்டு மானிட்டரை அணைத்துவிடுவேன். வலுவைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஆட்டம் எத்தனை சுற்றில் சாகிறது என்று குறித்து வைப்பேன். நான்காம் அத்தியாயத்தில் சொன்ன அந்த எல்லையை விட்டு வலு தூரத்தில் இருக்கும்போது சீக்கிரம் செத்துவிடும். எல்லையை நெருங்க நெருங்க ஆயுள் நீளும். எப்படி நீள்கிறது என்பதில் ஒரு விதி இருந்தது. எல்லைக்கும் நமக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் சராசரி ஆயுள் ஒரே மடங்கில் கூடுகிறது. மறுபடி பாதியாக்கினால் மறுபடி அதே மடங்கு. மடக்கை வரைதாளில் குறித்தால் எல்லாப் புள்ளிகளும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக நின்றன. எப்போது சாகும் என்று தனியாக எந்த ஓட்டத்துக்கும் சொல்ல முடியாது. மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் சாவுக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. நான் செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான். அது துணி அலமாரியில், மனைவியின் பழைய சீருடைகளுக்கு அடியில் கிடந்தது. வெளியே எடுத்தால் நான்காம் அத்தியாயத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

இந்த ஜூனில் ஒரு மின்னஞ்சல் வந்தது. வடமாவட்டத்தில் ஏதோ ஓர் ஊரில் பகுதிநேரமாக ஆராய்ச்சி செய்யும் பெண். நான் பார்த்ததில்லை. "ஐயா, உங்கள் கட்டுரையில் நிலையான கேயாஸ் என்று சொல்லப்பட்ட பட்டையை அடிப்படையாக வைத்து மூன்று வருடமாக வேலை செய்கிறேன். எனக்கு அது நிற்பதில்லை. எப்படி ஓட்டினாலும் கடைசியில் அடங்கிவிடுகிறது. என் நிரலை ஏழு முறை முதலிலிருந்து எழுதிவிட்டேன். எங்கே தவறு செய்கிறேன் என்று ஐயா சொன்னால் உதவியாக இருக்கும். ஆகஸ்டில் எனக்கு நீட்டிப்பு முடிகிறது" என்று எழுதியிருந்தாள்.

ஏழு முறை. அடுப்பில் சாம்பார் அடிப்பிடித்தது. நான்கு நாள் பதில் எழுதவில்லை. ஐந்தாம் நாள், தவறு உங்களுடையது அல்ல என்று எழுதி, அலமாரியிலிருந்த அத்தனை எண்களையும் அந்த நேர்கோட்டையும் இணைத்து அனுப்பினேன். இதை உங்கள் ஆய்வாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதினேன். அனுப்பிவிட்டு என்னைப் பற்றி எனக்கே உயர்வாக இருந்தது. அன்று விருந்தாளிகளுக்குப் பாயசம் வைத்தேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது. "மிக்க நன்றி ஐயா. எங்கள் கைடிடம் காட்டினேன். தனிப்பட்ட கடிதத்தை வைத்து அச்சில் வந்த கட்டுரையை மறுக்க முடியாது என்கிறார். எல்லோரும் செய்வதுபோல் பத்தாயிரம் சுற்றோடு நிறுத்திச் சமர்ப்பிக்கச் சொல்கிறார். நான் என்ன செய்யட்டும் ஐயா?"

என் கைடின் குரல் எனக்கு அப்படியே கேட்டது. அவள் எங்கே தொடங்கினாள், நான் எங்கே தொடங்கினேன். இரண்டு பேரும் அதே குழியில் வந்து விழுந்திருக்கிறோம். ஒரு வித்தியாசம், அவளுக்குக் குழி வெட்டி வைத்தவன் நான். அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்ததில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அச்சில் இருப்பதை அச்சில்தான் திருத்த முடியும். அதை என் பெயரில் நான்தான் செய்ய முடியும்.

மனைவியிடம் மின்னஞ்சலைக் காட்டினேன். விசில் கயிற்றைக் கழுத்திலிருந்து கழற்றாமலே படித்தாள்.

"எழுதுனா பட்டத்தப் புடுங்கிருவாங்களா?"

"தெரியல. விளக்கம் கேப்பாங்க. வேலை போனாலும் போகும்."

"போனா நான் சம்பாதிக்குதேன்லா. இட்லி நல்லாத்தான் ஊத்துதீங்க." போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள். "அஞ்சு வருசமா உங்க மூஞ்சியப் பாக்க முடியல. எழுதிருங்க."

மறுநாள் எழுதினேன். எங்கள் கட்டுரையில் நிலையான கேயாஸ் என்று கூறியது தவறு, பத்தாயிரம் சுற்றில் நிறுத்தியதால் வந்த பிழை, இது எனக்கு ஆய்வேடு சமர்ப்பிப்பதற்கு முன்பே தெரியும். கடைசி வரியை மூன்று முறை அழித்து மூன்று முறை எழுதினேன். ஆய்விதழுக்கும், பல்கலைக்கழகத்துக்கும், கல்லூரி முதல்வருக்கும், என் கைடுக்கும், அந்தப் பெண்ணுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினேன். கைடு பதினோரு முறை போன் செய்தார். பன்னிரண்டாவது முறை எடுத்தேன். அவர் பேசியதை இங்கே எழுத விருப்பமில்லை. அவர் பெயரும் அதில் இருக்கிறது, அவருக்கும் வலிக்கும்தான்.

முதல்வரிடமிருந்து பதினைந்து நாளுக்குள் விளக்கம் தரச் சொல்லி ஓலை வந்த அதே சனிக்கிழமை, மதுரையிலிருந்து தங்கச்சியும் மாப்பிள்ளையும் வந்தார்கள். இப்போது நாலு வயதில் ஒரு மகள். அதே அறை. மத்தியானம் சாப்பிடும்போது மாப்பிள்ளை, "டாக்டர் மச்சான், அந்த இன்வெர்ட்டர் சத்தம் இன்னும் நிக்கலயே" என்றார்.

"அது இன்வெர்ட்டர் இல்ல மாப்ள. கம்ப்யூட்டர். அன்னைக்கும் கம்ப்யூட்டர்தான். கதவத் தட்டக் கூச்சப்பட்டுப் பொய் சொல்லிட்டேன்."

"இதுக்குப் போயா பொய்?" என்று சிரித்தார். "தட்டியிருந்தா தெறந்திருப்போமே."

சாயங்காலம் ஐந்தருவிக்குக் கூட்டிப் போனேன். அவர்கள் குளிக்க இறங்கினார்கள். நான் துணிப்பையோடு காரிலேயே இருந்தேன். போன் அதிர்ந்தது. அந்தப் பெண்.

"ஐயா, எங்கள் கைடு இன்று கூப்பிட்டு அனுப்பினார். ஆய்விதழுக்கு நீங்கள் எழுதிய கடிதம் அவர் மேசையில் இருந்தது. உட்காரச் சொன்னார். 'நீ எத்தனை சுற்று ஓட்டினாய்?' என்று கேட்டார். இருபது லட்சம் என்றேன். அதை எழுது என்றார்."

இரண்டு முறை படித்தேன். சந்தோஷம் வந்தது, வரவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் வந்தது பொறாமை. என் கைடும் தேர்வாளரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. நாலு வயதுக்காரி நனைந்த தலையோடு ஓடிவந்து கார்க் கண்ணாடியைத் தட்டினாள். கதவைத் திறந்து, துண்டை எடுத்து அவளுக்குத் தலையைத் துவட்டிவிட்டேன்.